நாற்பது ஆண்டு நிவாரணம்: புதுக்கோட்டையின் மூன்று முகாம்களும் பாதுகாப்புக்கான நிதியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர்களுக்கான முகாம்கள் மூன்று உள்ளன. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் வழியில் லெணாவிளக்கு, ஆலங்குடிப் பக்கத்தில் தோப்புக்கொல்லை, அறந்தாங்கியை அடுத்து அழியாநிலை. 1983 ஜூலைக் கலவரத்துக்கும் அதைத் தொடர்ந்த போருக்கும் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில் பிறந்து, பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் படித்து, பெரும்பாலும் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் கூலி வேலையில் பிழைக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் செலவிடப்படும் அரசுப் பணத்தின் கணக்கோ, அவர்கள் இப்போதுதான் கரையிறங்கினார்கள் என்று கருதியே ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த ஓர் இடப்பெயர்வு அவசரகால நிவாரணமாகவே நடத்தப்பட்டுவந்த நிலையில், எதற்குப் பணம் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று ஆராய்வது, அகதிகளுக்கான நிதி உலகெங்கும் வற்றிவரும் இவ்வேளையில் இம்மாவட்டத்துக்கு வெளியேயும் பயன் தரக்கூடியது.

போரிலும் பேரிடரிலும் இடம்பெயர்ந்தவர்களுக்கான உதவியில் இருவகைச் செலவுகள் உண்டு. அரிசி, குடிநீர், கூரை, மருந்து ஆகியவற்றுக்கான செலவு முதல் வகை. அது கண்ணுக்குத் தெரிவது, எண்ணிக் காட்டக்கூடியது. இரண்டாவது வகை, உதவி நிறுவனங்கள் பாதுகாப்பு என்ற தலைப்பில் எழுதும் செலவு. வந்தவர் யார், எங்கிருந்து வந்தார் என்று பதிவு செய்வது, அவருக்கு அடையாளச் சான்று கொடுப்பது, முகாமில் பிறக்கும் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்வது, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரை விருப்பத்துக்கு மாறாகத் திருப்பி அனுப்பாமல் காப்பது, பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பது, பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பது, நீதிமன்றம் செல்ல வேண்டியவருக்கு வழக்கறிஞரை அமர்த்துவது ஆகியவை அதில் அடங்கும். முதல் வகைச் செலவு இன்றைய பசியைத் தீர்க்கிறது. இரண்டாவது வகைச் செலவோ, இடம்பெயர்ந்தவர் இன்னும் பத்தாண்டுக்குப் பிறகும் உதவியை எதிர்பார்த்து நிற்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது. அப்படியிருந்தும், பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். மூட்டைக் கணக்கில் காட்ட முடியாத வேலைக்குப் பணம் கேட்பது எந்த நாட்டிலும் எளிதாக இருந்ததில்லை.

அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் ஆணையம் இந்தச் சிக்கலில் வெகுகாலமாகச் சிக்கியுள்ளது. ஐ.நா.வின் வழக்கமான வரவுசெலவுத் திட்டத்திலிருந்து அதற்குக் கிடைப்பது மிகச் சிறிய பங்கே; ஏனையவை எல்லாம் நாடுகளும் தனியாரும் விரும்பிக் கொடுக்கும் நன்கொடை. அவற்றிலும் பெரும்பகுதி, இன்ன நாட்டுக்கு, இன்ன வேலைக்கு என்று கொடுப்பவரே முடிச்சுப் போட்டுத் தரும் பணம் என்பதால், செய்தியில் அடிபடும் போருக்குக் கிடைப்பது மறக்கப்பட்ட முகாமுக்குக் கிடைப்பதில்லை. 2024-ஆம் ஆண்டின் முடிவில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்களின் எண்ணிக்கை 12 கோடியே 32 லட்சம் என்று அந்த ஆணையம் கணக்கிட்டது. அதே ஆண்டில் அது தனக்குத் தேவை என்று சொன்ன ஆயிரம் கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையில் பாதியளவைக்கூடத் திரட்ட முடியவில்லை. அந்த ஆணையத்துக்கு வந்த பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுத்துவந்த அமெரிக்கா 2025-இல் வெளிநாட்டு உதவியை வெட்டிய பிறகு, சுமார் 3,500 நிரந்தரப் பணியிடங்களை ஒழிப்பதாக ஆணையம் அறிவித்தது. அத்தகைய பணியிடங்களில் இருப்பவர்கள் அரிசி அளப்பவர்கள் மட்டுமல்லர். பெயர் பதிபவர்களும் சட்ட ஆலோசனை சொல்பவர்களும் அவர்களில் அடக்கம்.

புதுக்கோட்டையின் மூன்று முகாம்கள் இந்த வெட்டினால் பாதிக்கப்படவில்லை. அதற்குக் காரணம், தமிழ்நாட்டில் உள்ள இலங்கை அகதிகளின் சோற்றுக்கான பணம் அந்த ஆணையத்தின் தலைமையகமான ஜெனீவாவிலிருந்து வருவதில்லை. அது தொடக்கம் முதலே இந்திய மக்களின் வரிப்பணம்.

எந்தக் கருவூலம், எந்த விதி

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967-ஆம் ஆண்டின் இணை ஒப்பந்தத்திலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. என்றாலும், ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 1983 ஜூலைக்கும் 2012 ஆகஸ்ட்டுக்கும் இடையே 3,04,269 பேர் இலங்கையிலிருந்து வந்து இறங்கியபோது, அவர்களைக் கடலுக்குள் திருப்பி விரட்டாமல் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பதிவு செய்து மாவட்டந்தோறும் முகாம் அமைத்துக் கொடுத்தது இந்த நாடு. சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றை அரசாணைகளின் வழியாகவே இவ்வளவு காலம் செய்துவந்திருப்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது. நிவாரணத்துக்கான செலவை மாநில அரசு முதலில் செய்துவிடும். பிறகு கணக்கு அனுப்பி ஒன்றிய அரசிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். இப்படி ஒன்றிய அரசு செலவிட்ட தொகை ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. நன்கொடையாளர் மனம் மாறினால் நின்றுபோகும் பணம் அன்று இது. உலகின் பல முகாம்களுக்கு வாய்க்காத நிலைத்தன்மை இதனால் இங்கே வாய்த்தது.

அந்த நிலைத்தன்மையின் மறுபக்கத்தைப் பணக்கொடையில் காணலாம். பணக்கொடை என்பது முகாம்வாசிகளுக்கு மாதந்தோறும் தரப்படும் ரொக்கம். 2011-இல் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 750 ரூபாய், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 400 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட இத்தொகை, பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. அதே காலத்தில், விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்பட்ட நூறு நாள் வேலைத்திட்டக் கூலி தமிழ்நாட்டில் 119 ரூபாயிலிருந்து 273 ரூபாய்க்கு ஏறியது. ஒன்று சட்டத்தின் வழியே வந்த கூலி, மற்றொன்று ஆணையின் வழியே வந்த கொடை என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வெளியிட்ட அறிவிப்புக்குப் பிறகு இத்தொகைகள் முறையே 1,500, 1,000, 500 ரூபாயாக உயர்ந்தன. கணவன், மனைவி, இரண்டு சிறுபிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு இது மாதம் 3,500 ரூபாய். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 29 ரூபாய் என்ற அளவில் நிற்கிறது. அரிசியும் எரிவாயு மானியமும் இதற்கு மேல் கிடைக்கின்றன என்றாலும், இந்தத் தொகையை நம்பி யாரும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது.

வேலைக்குப் போவதற்கும் பணக்கொடைக்கும் இடையேதான் முகாம் வாழ்க்கையின் பெரிய இழுபறி நடக்கிறது. பணக்கொடை வழங்குவதற்கு முன் வருவாய்த் துறையினர் முகாமுக்கு வந்து பெயர் வாரியாகத் தணிக்கை செய்வார்கள். மாநிலக் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவுக் காவலர்களின் கண்காணிப்பும் தனியாக உண்டு. தணிக்கையன்று குடும்பத்தார் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும் என்பது நடைமுறை. வெளிமாவட்டத்தில் வண்ணம் பூசும் ஒப்பந்தத்தில் இருப்பவர் அந்த ஒரு நாளுக்காகக் கூலியை விட்டுப் பேருந்து ஏறி வர வேண்டும். வராவிட்டால் அந்த மாதத் தொகை நிற்கும், தொடர்ந்து வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரே போய்விடும் என்ற அச்சம் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருப்பதுதான் தங்கும் வீட்டுக்கும் பிள்ளையின் கல்விச் சலுகைக்கும் ஆதாரம் என்பதால், முகாம்வாசிகள் காப்பாற்றத் துடிப்பது 1,500 ரூபாயை அன்று, அந்தப் பெயரை. நிவாரணப் பட்டியலே அடையாளச் சான்றாகவும் ஆகிவிட்ட நிலை இது. பாதுகாப்புக்கென்று தனியாகச் செலவிடாத ஓர் ஏற்பாட்டில், பாதுகாப்பின் வேலையையும் ரேஷன் பட்டியலே சுமக்க வேண்டியதாகிறது.

வீடுகளின் விலை

1980-களிலும் 1990-களிலும் எழுந்த முகாம் குடில்கள் பத்தடிக்குப் பத்தடி என்ற அளவில் அமைந்தவை. ஓரிரு ஆண்டு தங்குவதற்கென்று கட்டிய அந்த அறைகளில் பிள்ளைகள் திருமணம் முடித்து, தடுப்புச் சீலைக்கு அப்பால் தனிக்குடித்தனம் வைத்தார்கள். 2021-ஆம் ஆண்டின் அறிவிப்பு, 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தின் பகுதியாக, பழுதடைந்த 7,469 வீடுகளை 231 கோடியே 54 லட்சம் ரூபாயில் புதிதாகக் கட்டித்தருவதாகச் சொன்னது. அந்தக் கணக்கில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் முதலமைச்சர் திறந்துவைத்த 1,591 வீடுகளுக்கு ஆன செலவோ 79 கோடியே 70 லட்சம், அதாவது வீட்டுக்கு 5 லட்சம். எஞ்சிய 3,959 வீடுகளுக்கென்று 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொகை 223 கோடி. இரண்டாண்டுக்கு முன் மொத்த வீடுகளுக்கும் போதும் என்று மதிப்பிட்ட பணம், பாதி வீடுகளுக்குத்தான் காணும் என்றாகிவிட்டது. ஆண்டுக்காண்டு ஒத்திப்போடும் செலவு மிச்சமாவதில்லை, பெருகுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து இந்தத் தொகையை எடுத்து வைத்ததும், அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும் மனதாரப் பாராட்டத்தக்கவை.

ஆனால், புதிய வீடும் அதில் குடியிருப்பவருக்குச் சொந்தமன்று. பட்டா இல்லாத இருப்பின் பொருளை இம்மாவட்டம் 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் கண்டது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. தோப்புக்கொல்லையும் அழியாநிலையும் இந்தச் சுற்றுவட்டத்தில்தான் இருக்கின்றன. விழுந்த தென்னை ஒன்றுக்கு இழப்பீடாக 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்த இழப்பீடு போதாது என்று விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். போராடுவதற்கு அவர்களிடம் சிட்டாவும் அடங்கலும் இருந்தன. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து தமிழ்நாட்டுக்கு 1,146 கோடியே 12 லட்சம் ரூபாய் அந்த டிசம்பர் இறுதியில் ஒப்புதலானது. பேரிடர் நிதி விதிகளில் வாழ்வாதார இழப்புக்கான பெரிய தொகைகள் நிலம், மரம், கால்நடை, படகு என்று உடைமையைத் தொடர்ந்தே செல்கின்றன. உடைமை கொள்ள வழியில்லாதவர், எவ்வளவு பெரிய புயலிலும் அரசின் பார்வையில் சிறிதளவே இழந்தவர் ஆகிறார்.

ஒரே கடல் கடந்த இருவகை மக்கள்

காகிதம் எப்படிப் பணத்தின் வகையை மாற்றுகிறது என்பதைக் காட்டும் வரலாறு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்தும் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்தும் பஞ்சத்தால் விரட்டப்பட்ட மக்கள் கங்காணிகள் வழியாக இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். சுதந்திர இலங்கை 1948-இல் அவர்களின் வழித்தோன்றல்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. இவ்வாறு திரும்பியவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று வகைப்படுத்தி, குடியுரிமையோடு ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் 1968-இல் தொடங்கப்பட்டது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்கென்றே 1969-இல் ஒரு கூட்டுறவு வங்கி உருவானது. இன்று ஊர்தோறும் நகைக்கடன், வீட்டுக்கடன் கொடுக்கும் ரெப்கோ வங்கிதான் அது. திரும்பியவர்கள் அதில் கடன் வாங்கினார்கள், பங்குதாரர்களும் ஆனார்கள். அந்த மறுவாழ்விலும் கண்ணீர்க் கதைகள் ஏராளம். கொத்தடிமைகளாகச் சிக்கியவர்கள் உண்டு. ஆயினும் அரசு அவர்களுக்கு முதலீடு என்ற வடிவில் பணம் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் அவர்கள் கையில் குடியுரிமை இருந்தது.

பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அதே கடலைக் கடந்து வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொடுமை என்னவென்றால், முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள். வன்முறைக்கு அஞ்சி முறையான ஆவணமின்றிப் படகேறியதால், ஒப்பந்தம் வாக்களித்த நாட்டிலேயே சட்டவிரோதக் குடியேறிகள் என்ற சட்டப் பெயரைச் சுமக்க நேர்ந்தவர்கள். 2003-இல் இயற்றி 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத் திருத்தம், இப்பெயர் சுமப்பவர்களுக்கு இயல்புரிமை வழியிலான குடியுரிமையை, அதாவது நீண்டகாலம் வசித்ததன் பேரில் விண்ணப்பித்துப் பெறும் குடியுரிமையை, மறுத்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் சிறுபான்மையினருக்கு இந்தத் தடையை நீக்கியபோது இலங்கையைச் சேர்க்கவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்று சட்டம் சொல்லியும், மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் தன் முதல் வாக்கைச் செலுத்த 38 வயதாக வேண்டியிருந்தது. அந்த உரிமை அவருக்குப் பிறந்த அன்றே இருந்தது. அதைக் கேட்டுப் பெறுவதற்கான வழக்குச் செலவு எந்த நிவாரணத் தலைப்பிலும் இல்லை.

இந்த இடத்தைத்தான் நிதி பற்றிய பேச்சு வழக்கமாகத் தாண்டிச் சென்றுவிடுகிறது. பொறியியல் படித்த ஓர் இளைஞர் வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறார் என்றால், அவருடைய கல்விக்கு அரசு கொடுத்த சலுகையின் பயனும் அங்கே பாதியில் நின்றுபோகிறது. அரசுப் பணிக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டு இல்லை, சொந்தமாக நிலம் வாங்குவதற்கும் வங்கியில் பெரிய கடன் வாங்குவதற்கும் தடைகள் இருக்கின்றன. ஆகவே அவர் குடும்பத்துக்குப் பணக்கொடை தொடர்ந்து தேவைப்படுகிறது. சட்ட நிலையைத் தீர்க்காமல் விடுவதன் செலவை அரசு மாதாமாதம் தவணையாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அதைவிடப் பெரிய பங்கை அந்த இளைஞர் தன் ஆயுளால் கட்டுகிறார்.

இந்தியா வேறு விதமாகவும் செலவிட்டிருக்கிறது. 1997-இல் மிசோரமிலிருந்து விரட்டப்பட்டுத் திரிபுரா முகாம்களில் இருந்த புரூ பழங்குடியினருக்கு இருபது ஆண்டுக்கு மேல் ரேஷன் கொடுத்துச் சலித்த பிறகு, 2020 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 600 கோடி ரூபாயில், குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, மனைநிலம், வீடு கட்டப் பணம், இரண்டாண்டு வரை மாதம் 5,000 ரூபாய் என்று ஒரேயடியாகக் கொடுத்து, திரிபுராவிலேயே அவர்களைக் குடியமர்த்த முடிவு செய்தார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களின் முகாம் வாழ்வை முடித்துவைக்கும் செலவு அது. திபெத்தியர்களைப் பொறுத்தவரை, அவர்களுடைய மத்திய நிவாரணக் குழுவுக்கே 2015-16 முதல் ஐந்தாண்டுகளுக்கு 40 கோடி ரூபாய் மானியம் வழங்கி, தம் குடியிருப்புகளை அவர்களே நிர்வகிக்க வழிசெய்தது ஒன்றிய அரசு. புரூ மக்கள் இந்தியக் குடிமக்கள், திபெத்தியர் நிலை தனி என்ற வேறுபாடுகளை மறுப்பதற்கில்லை. என்றாலும், இலங்கைத் தமிழருக்கான நிவாரணமும் புரூ முகாம் நிவாரணமும் திபெத்தியர் மானியமும் ஒன்றிய உள்துறையின் ஒரே கூட்டுத் திட்டத்தின் உட்பிரிவுகள். 2021-22 முதல் 2025-26 வரை அதன் மொத்த ஒதுக்கீடு 1,452 கோடி ரூபாய். ஒரே குடையின் கீழ் ஒருவருக்கு முடிவும், ஒருவருக்குத் தன்னாட்சியும், ஒருவருக்குத் தொடர் நிவாரணமும் என்று அமைந்திருப்பது கொள்கையின் தேர்வே ஒழியப் பணத்தின் பற்றாக்குறை அன்று.

அகதிகள் தாங்களே நடத்தும் அமைப்பு இலங்கைத் தமிழரிடமும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984-இல் நிறுவிய ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் மாலை வகுப்புகளும் சத்துக் குறைபாட்டுக்கு எதிரான சுருள்பாசி வளர்ப்பும் நடத்தியதோடு, பிறப்புப் பதிவு, இலங்கைக் குடியுரிமைச் சான்று ஆகிய காகித வேலைகளையும் முகாம் முகாமாகச் சென்று செய்தது. 2016-இல் இஸ்தான்புல்லில் கூடிய உலக மனிதாபிமான மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் நிறுவனங்களும், உதவிப் பணத்தில் கால்பங்கை உள்ளூர் அமைப்புகளின் கையில் சேர்ப்பதாக வாக்களித்தன. அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஊர் மொழி பேசி, எந்தக் குடும்பத்தில் எந்தச் சான்றிதழ் இல்லை என்று வீடு வாரியாக அறிந்து வேலை செய்யும் ஆட்களுக்குச் செலவாகும் தொகை, ஒரு பன்னாட்டு அலுவலகத்தின் செலவோடு ஒப்பிடக்கூட முடியாத அளவு சிறியது.

காப்பின் எல்லை 2015 ஜனவரி 9

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. கைதாகலாம் என்ற நிழல் நீங்கியது மெய்யான ஆறுதல். குடியுரிமைக்கான வழியை அந்த ஆணை திறக்கவில்லை. 2022-இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, பால்மாவும் மருந்தும் கிடைக்காமல் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்திறங்கிய ஏறத்தாழ முந்நூறு பேர் இந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். அகதிகள் என்று பதிவாகாமலேயே மண்டபத்தில் தங்கவைக்கப்பட்ட அவர்களுக்கு மாநில அரசு உணவளித்தது. பழைய முகாம்வாசிகளுக்கான செலவை ஒன்றிய அரசுக்குக் கணக்கு அனுப்பித் திரும்பப் பெறும் ஏற்பாடு, பதிவில்லாத இவர்களைத் தாங்கும்படி அமைந்ததன்று.

புதுக்கோட்டைக் கடற்கரையின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்குத் தெரியும், பாக் நீரிணை எவ்வளவு குறுகியது என்று. அக்கரையில் அடுத்த நெருக்கடி வரும்போது படகுகள் மீண்டும் இந்தக் கரையைத்தான் தேடும். உள்துறையின் கூட்டுத் திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும்தான் ஒப்புதல் பெற்றது. அதற்கடுத்த காலத்துக்கான ஒதுக்கீட்டில் இலங்கைத் தமிழருக்கான உட்பிரிவில் பணக்கொடையோடு மூன்று செலவுகள் சேர வேண்டும். 1987-க்கு முன் இங்கே பிறந்தவர்களையும் மலையக வழித்தோன்றல்களையும் முகாம் வாரியாகக் கண்டறிந்து ஆவணம் திரட்டும் பணி ஒன்று. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாக அவர்களுக்கு அமர்த்தும் வழக்கறிஞர்களின் கட்டணம் மற்றொன்று. குடியுரிமையோ நாடு திரும்புதலோ எதைத் தேர்ந்தாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருமுறை வழங்கும் முதலீட்டுத் தொகை மூன்றாவது. புதுக்கோட்டையின் மூன்று முகாம்களில் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்க, தணிக்கைக்கு வரும் வருவாய்த் துறையினர் கையில் இருக்கும் பதிவேடே போதும். அதில் ஒவ்வொருவரும் பிறந்த தேதியும் வந்த தேதியும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன.